கணினி வரைபடம் படக்கோப்பாக மாறிய வரலாறு: வாசிப்புரிமை நோக்கில் ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

கணினிவழி வடிவமைப்பில் உருவாகும் பொறியியல், கட்டடக்கலை வரைபடங்களைப் பொதுவான படக்கோப்புகளாக மாற்றுவது இன்று அன்றாடப் பணியாகிவிட்டது. இம்மாற்றம் பெரும்பாலும் மென்பொருள் பயன்பாட்டு உத்தியாக மட்டுமே கருதப்படுகிறது. நீலப்படிக் காலம் முதல் இணையக் காலம் வரையிலான வரைபடப் படியாக்க வரலாற்றின் ஒரு கட்டமாக இக்கட்டுரை அதனை அணுகுகிறது. வரைபடக் கோப்பின் அமைப்பு தனியொரு நிறுவனத்தின் கையிலிருந்ததும், படக்கோப்புகளின் அமைப்பு பொதுவெளியில் வெளியிடப்பட்டதும் இம்மாற்றத்திற்கான முதன்மைக் காரணங்களுள் அடங்கும் என்று இக்கட்டுரை வாதிடுகிறது. மாற்றத்தின்போது வரைபடம் இழப்பவற்றையும் பெறுபவற்றையும் கணக்கிட்டுக் காட்டி, ஆவணப் பாதுகாப்பில் அவ்விரண்டின் இடத்தையும் மதிப்பிடுகிறது.

திறவுச்சொற்கள்: கணினிவழி வடிவமைப்பு, வெக்டர், ராஸ்டர், ஆட்டோகேட், படக்கோப்பு, நீலப்படி, எழுத்துரு, ஆவணப் பாதுகாப்பு.

முன்னுரை

ஒரு கட்டடம் நூறாண்டைக் கடந்தும் நிற்கக்கூடும். அதனை எழுப்பப் பயன்பட்ட கணினிக் கோப்பை இருபது ஆண்டுகளுக்குப் பின் முழுமையாகத் திறக்க முடியும் என்பதற்கு உறுதியில்லை. கட்டடத்தைப் பழுதுபார்க்கவும் விரிவாக்கவும் அதன் வரைபடம் தேவை. நீதிமன்றத்தில் உரிமை வழக்கு எழுந்தாலும் அதுவே சான்றாகும். வரலாற்றாய்வாளனுக்கு அது மூல ஆவணம். எனவே வரைபடம் எவ்வடிவில் சேமிக்கப்படுகிறது என்னும் வினா, கணினித் துறையைத் தாண்டி ஆவணவியலுக்கும் உரியதாகிறது.

கணினி வரைபடம் இருவகைக் கோப்புகளில் வாழ்கிறது. முதல் வகை வரைபடக் கோப்பு. இதில் கோடு என்பது தொடக்கப் புள்ளி, முடிவுப் புள்ளி ஆகியவற்றின் ஆயத்தொலைகளாகப் பதிவாகிறது. இதனை வெக்டர் முறை என்பர். இரண்டாம் வகை படக்கோப்பு. இதில் கோடு என்ற பொருளே இல்லை. கட்டம் கட்டமாக அடுக்கப்பட்ட பிக்சல்களின் நிறமதிப்புகள் மட்டுமே உள்ளன. இதனை ராஸ்டர் முறை என்பர். முதல் வகையினின்று இரண்டாம் வகைக்கு மாற்றுவது எளிது. மீண்டும் முதல் வகைக்குத் திரும்புவது அரிது. திரும்ப அரிதான இவ்வழியில் அலுவலகங்கள் தொடர்ந்து சென்றது ஏன் என்பதே இக்கட்டுரையின் மைய வினாவாகும். முதன்மையான மென்பொருள்களும் கோப்பு வடிவங்களும் அமெரிக்காவில் உருவானமையால் ஆய்வு பெரும்பாலும் அந்நாட்டு வரலாற்றைச் சார்ந்தே அமைகிறது. இருபரிமாண வரைபடங்கள் மட்டுமே எடுத்துக்கொள்ளப்பட்டுள்ளன.

1. நீலப்படி: மூலமும் படியும்

வரைபடத்தைப் படமாக மாற்றும் தேவை கணினிக்கு முந்தியது. 1842 இல் ஆங்கில அறிவியலாளர் ஜான் ஹெர்ஷல் இரும்பு உப்புகளைக் கொண்டு நீலநிறப் பதிவு பெறும் முறையைக் கண்டறிந்தார். 1870களுக்குப் பின் இம்முறை பொறியியல் அலுவலகங்களில் படியெடுக்கப் பரவலாயிற்று. ஒளி ஊடுருவும் துணியிலோ தாளிலோ மையால் வரைந்த மூலத்தை, வேதிப்பொருள் பூசிய தாளின்மேல் வைத்து வெயிலில் காட்டுவர். கோடுகள் ஒளியை மறைத்த இடங்கள் கழுவும்போது வெண்மையாகும்; எஞ்சிய பரப்பு நீலமாகும். புளூபிரிண்ட் என்னும் சொல் இவ்வாறு தோன்றியது.

இம்முறை அலுவலக வழக்கத்தில் ஒரு பிரிவினையை நிலைநாட்டியது. மூலம் வரைவாளரின் அலுவலகத்திலேயே இருக்கும். திருத்தும் உரிமையும் அங்கேயே இருக்கும். பணியிடத்திற்குச் செல்வது படி மட்டுமே. படியைப் படிக்கலாம், மூலத்தை அதன் வழியாகத் திருத்த இயலாது. அத்துடன், தாள் நனைந்து உலரும்போது சற்றே சுருங்கியதால் படியை அளவுகோலால் அளப்பது நம்பத்தக்கதாக இல்லை. எனவே படியை அளக்காமல், எழுதப்பட்ட அளவுகளையே கொள்ள வேண்டும் என்ற எச்சரிக்கை வரைபடங்களில் வழக்கமாயிற்று. 20ஆம் நூற்றாண்டில் அம்மோனியா ஆவியால் படியெடுக்கும் டயசோ முறை நீலப்படியின் இடத்தைப் பிடித்தது. ஆவணச் சேமிப்பில் 35 மி.மீ. நுண்படச்சுருளின் ஒரு சட்டத்தைத் துளையட்டையில் பொருத்தி வைக்கும் முறையும் வந்தது. கருவிகள் மாறினும் மூலம், படி என்னும் பிரிவினை மாறவில்லை. கணினிக் காலத்துப் படக்கோப்பு இப்பிரிவினையின் வாரிசு என்பதைப் பின்வரும் பகுதிகள் காட்டும்.

2. கோடு எண்ணாக மாறுதல்

1963 இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் ஐவன் சதர்லாண்டு அளித்த முனைவர் பட்ட ஆய்வேடு ஸ்கெட்ச்பேட் என்னும் அமைப்பை விளக்கியது. லிங்கன் ஆய்வகத்தின் டி.எக்ஸ்.-2 கணினியில், ஒளிப்பேனாவால் திரையில் வரையும் அமைப்பு அது. இரு கோடுகள் இணையாக இருக்கவேண்டும் என்று பயனர் விதித்தால் அவ்விதியையும் கணினி நினைவில் கொண்டது. ஓர் உறுப்பின் முதன்மை வரைவைத் திருத்தினால் அதன் பிரதிகள் அனைத்தும் தாமே திருந்தின. வரைபடம் இங்கே கோடுகளின் தோற்றம் என்ற நிலையைக் கடந்து, உறுப்புகளுக்கிடையிலான உறவுகளின் தொகுப்பாயிற்று. திரையில் தெரிவது அத்தொகுப்பின் ஒரு பார்வை மட்டுமே.

அதே காலத்தில், எண்ணாகச் சேமித்த கோட்டை மீண்டும் தாளில் காட்டும் சிக்கலும் எழுந்தது. 1959 இல் வெளிவந்த கால்காம்ப் 565 வரைபொறி, பேனாவையும் தாளையும் சிறுசிறு படிகளாக நகர்த்தி வரைந்தது. சாய்கோட்டைப் படிகளாகப் பிரிக்கும்போது ஒவ்வொரு படியிலும் எப்பக்கம் நகர்வது என்பதைக் கணினி முடிவு செய்யவேண்டும். ஐ.பி.எம். நிறுவனத்தின் ஜாக் பிரெசன்ஹாம் 1962 இல் இதற்கு ஒரு வழிமுறையை உருவாக்கினார்; அது 1965 இல் அச்சில் வெளிவந்தது. வகுத்தலும் பின்னங்களும் இன்றி, முழு எண்களின் கூட்டல், கழித்தல், ஒப்பீடு ஆகியவற்றாலேயே அடுத்த படி இன்னது என அவ்வழிமுறை தீர்மானித்தது. பின்னர் பிக்சல் திரைகள் பரவியபோது, எந்தப் பிக்சலை ஒளிர்விப்பது என்ற வினாவுக்கும் இதே வழிமுறை விடையானது. வரைபொறிக்காகப் பிறந்த கணக்கீடே கோட்டைப் படமாக்கும் அடிப்படைக் கணக்கீடாக நிலைத்தது என்பது குறிப்பிடத்தக்கது.

3. வரைபடக் கோப்பும் அதன் பூட்டும்

தொடக்கக்கால வடிவமைப்பு மென்பொருள்கள் விலைமிக்க கணினிகளில் இயங்கின. ஒவ்வொன்றும் தனக்கேயுரிய கோப்பு வடிவத்தைக் கொண்டிருந்தது. ஒரு நிறுவனம் வரைந்ததை வேறு அமைப்பைக் கொண்ட நிறுவனம் திறக்க இயலவில்லை. இதனைத் தீர்க்க 1979 இல் அமெரிக்கத் தேசியத் தரநிர்ணய அலுவலகத்தின் ஒருங்கிணைப்பில், போயிங், ஜெனரல் எலெக்ட்ரிக் ஆகியவற்றின் பங்களிப்புடன் ஐஜெஸ் என்னும் பொதுப் பரிமாற்ற வடிவம் வகுக்கப்பட்டது. அதன் முதற்பதிப்பு 1980 இல் வெளிவந்தது.

1982 இல் தொடங்கப்பட்ட ஆட்டோடெஸ்க் நிறுவனம் அவ்வாண்டின் இறுதியில் ஆட்டோகேட் மென்பொருளை வெளியிட்டது. தனிநபர் கணினியில் இயங்கியமையால் சிறு அலுவலகங்களும் அதனை வாங்க முடிந்தது. அதன் இயல்பான கோப்பு வடிவம் டி.டபிள்யூ.ஜி. ஆகும். மைக் ரிடில் என்பவர் முன்னர் உருவாக்கிய இன்டராக்ட் என்னும் நிரலில் அதன் வேர் உள்ளது. பரிமாற்றத்திற்காக டி.எக்ஸ்.எஃப். என்னும் வடிவமும் முதற்பதிப்பிலேயே இடம்பெற்றது. இவ்விரு வடிவங்களுக்கும் இடையிலான வேறுபாடு பின்வந்த வரலாற்றை வடிவமைத்தது. டி.எக்ஸ்.எஃப். கோப்பை எழுத்துத் தொகுப்பானில் திறந்தாலே படிக்கலாம். 8 என்ற குறியெண்ணுக்குப் பின் அடுக்கின் பெயரும், 10, 20, 30 ஆகியவற்றிற்குப் பின் கோட்டின் தொடக்க ஆயத்தொலைகளும், 11, 21, 31 ஆகியவற்றிற்குப் பின் முடிவு ஆயத்தொலைகளும் வரிசையாக நிற்கும். இதன் விவரக்குறிப்பை நிறுவனமே வெளியிட்டது. டி.டபிள்யூ.ஜி. வடிவத்தின் விவரக்குறிப்பை வெளியிடவில்லை.

அன்றாட வழக்கில் நிலைத்ததோ டி.டபிள்யூ.ஜி. அதன் உள்ளமைப்பும் பதிப்புதோறும் மாறிவந்தது. கோப்பின் முதல் ஆறு எழுத்துகள் பதிப்பைச் சுட்டும்: ஆட்டோகேட் 2000 எழுதிய கோப்பு ஏசி1015 எனவும், ஆட்டோகேட் 2018 எழுதிய கோப்பு ஏசி1032 எனவும் தொடங்கும். பழைய மென்பொருள் புதிய வடிவக் கோப்பைத் திறக்காது. அனுப்புபவர் தம் மென்பொருளைப் புதுப்பித்தால் பெறுபவரும் புதுப்பிக்கவேண்டும். இல்லையேல் பழைய வடிவில் சேமித்துத் தருமாறு வேண்டவேண்டும்.

இந்நிலைக்கு எதிர்வினையாக 1998 இல் ஓப்பன் டி.டபிள்யூ.ஜி. கூட்டமைப்பு தோன்றியது. கோப்பின் அமைப்பை எதிர்ப்பொறியியல் முறையில் கண்டறிந்து, பிற மென்பொருள்களும் அதனைப் படிக்கவும் எழுதவும் உதவும் நிரல்தொகுப்புகளை அது வழங்கியது. பின்னாளில் அது ஓப்பன் டிசைன் கூட்டமைப்பு எனப் பெயர் மாறியது. ஆட்டோடெஸ்க் தன் மென்பொருள் எழுதிய கோப்புகளில் நம்பகக் குறியொன்றைப் பதித்தது. அக்குறியைக் கூட்டமைப்பின் நிரல்தொகுப்பும் பதித்ததை எதிர்த்து 2006 இல் அமெரிக்க நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. 2007 இல் வழக்கு உடன்பாட்டில் முடிந்தது. கூட்டமைப்பு அக்குறியைத் தன் தொகுப்பிலிருந்து நீக்கியது. வரைந்தவர் ஒருவர், படிப்பவர் மற்றொருவர் என்ற நிலையில், படிக்கும் கருவியின்மேல் மூன்றாமவர் ஒருவருக்கு உரிமை இருந்தமையை இவ்வழக்கு வெளிப்படுத்துகிறது. இக்கட்டுரை வாசிப்புரிமை எனக் குறிப்பது இதனையே.

4. படக்கோப்புகளின் வருகை

வரைபடத்தைத் திருத்த முடியாத காட்சியாகப் பதிந்து வைக்கும் வசதி ஆட்டோகேட்டின் 1980களின் பதிப்புகளிலேயே இருந்தது. எம்-ஸ்லைடு என்னும் கட்டளை அப்போதைய திரைக்காட்சியைத் தனிக்கோப்பாகச் சேமித்தது. வி-ஸ்லைடு அதனைத் திரையில் மீண்டும் காட்டியது. எனினும் அக்கோப்பைக் காணவும் அதே மென்பொருள் தேவைப்பட்டது. மென்பொருளின் எல்லையைத் தாண்டிச் செல்லப் பொதுவான படவடிவங்கள் வேண்டியிருந்தன.

அவை வெவ்வேறு தேவைகளுக்காக, வரைபடத் துறைக்கு வெளியே பிறந்தன. 1986 இல் ஆல்டஸ் நிறுவனம் வருடிகளுக்காக டிஃப் வடிவத்தை வெளியிட்டது. தொலைநகலுக்காக 1984 இல் வகுக்கப்பட்ட நான்காம் குழுச் சுருக்கமுறை இதனுடன் இணைந்தபோது, கறுப்பு வெள்ளைக் கோட்டு வரைபடங்களை இழப்பின்றிச் சிறு கோப்பாக வைக்க முடிந்தது. அமெரிக்கப் பாதுகாப்புத் துறை 1980களின் நடுப்பகுதியில் தொடங்கிய கேல்ஸ் திட்டம், தொழில்நுட்ப ஆவணங்களைத் தாளிலிருந்து கணினிக்கு மாற்ற முனைந்தது. அத்திட்டம் ஐஜெஸ் வடிவத்திற்கு ஒரு விவரக்குறிப்பையும், நான்காம் குழுச் சுருக்கமுறையில் அமைந்த ராஸ்டர் படங்களுக்குத் தனி விவரக்குறிப்பையும் வகுத்தது. ஒரே நிறுவனம் இரண்டையும் அருகருகே ஏற்றதிலிருந்து, வரைபடக் கோப்பும் படக்கோப்பும் வேறுவேறு பணிகளுக்கு உரியவை என்ற புரிதல் அன்றே இருந்தமை தெளிவாகிறது.

1987 இல் கம்ப்யூசர்வ் நிறுவனம் ஜிஃப் வடிவத்தை அறிமுகப்படுத்தியது. ஒரு படத்தில் 256 நிறங்கள் என்ற எல்லை கோட்டு வரைபடத்திற்கு இடையூறாகவில்லை. ஆனால் அதன் சுருக்கமுறைக்கு யூனிசிஸ் நிறுவனம் காப்புரிமை கொண்டிருந்தது. 1994 இன் இறுதியில் உரிமத்தொகை குறித்த அறிவிப்பு வெளிவந்தபின், காப்புரிமைச் சிக்கலற்ற மாற்றாகப் பி.என்.ஜி. வடிவம் உருவானது. 1996 இல் உலகளாவிய வலைக் கூட்டமைப்பு அதனைப் பரிந்துரைத்தது. படிக்கும் உரிமை குறித்த போராட்டம் படக்கோப்புகளின் உலகிலும் நிகழ்ந்தது. அங்கே பொதுவுரிமையே வென்றது. 1992 இல் தரப்படுத்தப்பட்ட ஜேபெக், ஒளிப்படங்களுக்காக வகுக்கப்பட்டது. படத்தை 8×8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்து, கண் எளிதில் உணராத நுணுக்கங்களை நீக்கிச் சுருக்குவது அதன் இயல்பு. ஒளிப்படத்தில் மறையும் இவ்விழப்பு, வெண்பரப்பின்மேல் கூர்மையாக நிற்கும் கருங்கோட்டின் இருபுறமும் சாம்பல் நிறக் கறையாகத் தெரிந்துவிடும். ஆயினும் எல்லாக் கருவிகளிலும் திறப்பதால் ஜேபெக் வரைபடப் பரிமாற்றத்திலும் பரவியது.

ஆட்டோகேட்டில் இம்மாற்றம் நிகழும் இடம் கவனத்திற்குரியது. திரைக்காட்சியைப் படமாக்கத் தனிக்கட்டளைகள் இருந்தபோதிலும், தாளமைப்புடன் கூடிய முறையான படமாக்கம் அச்சிடும் கட்டளையின் வழியாகவே நிகழ்கிறது. அச்சுப்பொறிகளின் பட்டியலில் ஜேபெக், பி.என்.ஜி. என்னும் பெயர்களில் இரு கற்பனை அச்சுப்பொறிகள் உள்ளன. அவற்றின் தாள் அளவு பிக்சலில் தரப்படுகிறது. 1600×1280 பிக்சல் கொண்ட தாளுக்குப் பழைய சன் பணிக்கணினித் திரையின் பெயரே இடப்பட்டுள்ளது. படக்கோப்பை ஒருவகைத் தாளாகவும், மாற்றத்தை ஒருவகைப் படியெடுப்பாகவும் கருதிய நீலப்படி மரபு மென்பொருளின் அமைப்பிலேயே இவ்வாறு பதிந்துள்ளது.

5. மாற்றத்தில் இழப்பவை

இழப்பின் அளவை ஒரு கணக்கால் விளக்கலாம். ஏ1 தாள் 841×594 மி.மீ. அளவுடையது. 1:100 அளவில் வரைந்த கட்டடத் திட்டம் ஒன்றை இத்தாளில் அமைத்து, மேற்சொன்ன 1600 பிக்சல் அகலமுடைய படமாக மாற்றினால் ஒரு பிக்சலுக்கு ஏறத்தாழ 0.53 மி.மீ. தாள் கிடைக்கும், அதாவது ஒரு பிக்சல் உண்மைக் கட்டடத்தில் ஏறத்தாழ 53 மி.மீ. ஆகும். 230 மி.மீ. தடிமனுள்ள செங்கற்சுவர் படத்தில் நான்கு பிக்சல் அளவே இருக்கும். வெட்டுமுகக் கோட்டுக்கு 0.50 மி.மீ., சாதாரணக் கோட்டுக்கு 0.25 மி.மீ., நுண்கோட்டுக்கு 0.13 மி.மீ. என வரைவாளர் வேறுபடுத்திய தடிமன்கள் மூன்றும் ஒரே பிக்சலாக ஒடுங்கும். எது வெட்டப்பட்ட சுவர், எது அளவுக்கோடு என்று கோட்டின் தடிமனால் சொல்லப்பட்ட மொழி அப்படத்தில் அழிந்துவிடும்.

அங்குலத்திற்கு 300 பிக்சல் என்ற செறிவில் அதே தாளை மாற்றினால் படம் 9933×7016 பிக்சல் ஆகும். ஏறத்தாழ 7 கோடி பிக்சல்கள். சுருக்காமல் முழுநிறத்தில் வைத்தால் ஏறத்தாழ 209 மெகாபைட், கறுப்பு வெள்ளையில் வைத்தால் ஏறத்தாழ 8.7 மெகாபைட். இங்கே 0.13 மி.மீ. கோடு ஒன்றரைப் பிக்சலும், 0.25 மி.மீ. கோடு மூன்று பிக்சலும் பெறும். வேறுபாடு கண்ணுக்குத் தெரியும். அப்போதும் ஒரு பிக்சல் கட்டடத்தில் 8.5 மி.மீ. ஆகும். வரைபடக் கோப்பிலோ அதே சுவரின் நீளம் பதினைந்து இலக்கத் துல்லியத்துடன் எண்ணாக இருக்கிறது.

அளவு தவிர அமைப்பும் இழக்கப்படுகிறது. சுவர், மின்னிணைப்பு, குடிநீர்க்குழாய் என அடுக்கடுக்காகப் பிரித்து வரைந்தவை ஒரே பரப்பாக இணைகின்றன. ஒரே கதவு நாற்பது இடங்களில் வருகிறது என்ற செய்தி மறைந்து, நாற்பது தனித்தனிக் கதவுப் படங்கள் மட்டும் எஞ்சுகின்றன. சதர்லாண்டு வரைபடத்திற்கு அளித்த உறவுத்தொகுப்பு என்னும் தன்மை இங்கே கைவிடப்படுகிறது.

அளவுவிகிதம் குறித்த இழப்பு ஆய்வாளர்களுக்கு நேரடியாகப் பொருந்துவதாகும். படத்தின் மூலையில் 1:100 என்று எழுதியிருப்பது குறிப்பிட்ட தாளளவில் மட்டுமே உண்மை. அப்படத்தைக் கட்டுரையின் பக்கத்திற்கேற்பச் சுருக்கியவுடன் அவ்வெழுத்து பொய்யாகிறது. கோட்டளவாக வரையப்பட்ட அளவுகோலோ படத்தோடு சேர்ந்து சுருங்குவதால் எந்நிலையிலும் உண்மையாகவே இருக்கும். தொல்லியல், கோயிற்கட்டடக்கலை ஆய்வேடுகளில் வரைபடங்கள் படக்கோப்புகளாகவே இடம்பெறுவதால், விகித எண்ணைவிடக் கோட்டளவுகோல் இன்றியமையாததாகிறது.

6. எழுத்துரு: படம் காத்தது

மாற்றம் இழப்பை மட்டுமே தந்தது எனக் கொள்வதும் பிழையாகும். வரைபடக் கோப்பில் எழுத்துகள் குறியெண்களாக உள்ளன. அவற்றின் வடிவம் எழுத்துருக் கோப்பில் தனியே உள்ளது. பெறுபவரின் கணினியில் அவ்வெழுத்துரு இல்லையேல் மென்பொருள் வேறொன்றை இடும். சொற்களின் அகலம் மாறும். குறிப்புகள் கோடுகளின்மேல் ஏறும்.

தமிழ் எழுத்துகள் கொண்ட வரைபடத்தில் இச்சிக்கல் இன்னும் கடுமையாகும். ஒருங்குறியில் தமிழ் 1991 முதலே இடம்பெற்றிருப்பினும், நடைமுறையில் நெடுங்காலம் எட்டுபிட் எழுத்துருக்களே வழங்கின. தமிழ்நாட்டு அரசு 1999 இல் டாம், டாப் என்னும் இரு குறியீட்டு முறைகளைத் தரமாக ஏற்றது. 2010 இல் ஒருங்குறியையும் டேஸ்16 முறையையும் ஏற்றது. இடைப்பட்ட காலத்தில் தட்டெழுதப்பட்டவை, உரிய எழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற இலத்தீன் குறிகளாகத் தோன்றும். டி.டபிள்யூ.ஜி. வடிவமும் ஆட்டோகேட் 2007 பதிப்பில்தான் எழுத்துகளை ஒருங்குறியில் சேமிக்கத் தொடங்கியது. அதற்கு முந்தைய வரைபடத்தில் எட்டுபிட் எழுத்துருவால் அமைந்த தமிழ்க்குறிப்பு, எழுத்துருவை இழந்தவுடன் வாசிக்க இயலாததாகும். அன்றே எடுத்த படக்கோப்பில் அதே குறிப்பு உள்ளவாறே நிற்கும். படத்தில் எழுத்து என்பது வெறும் வடிவமாக இருப்பது தேடலுக்குத் தடையாயினும், தோற்றத்தைக் காப்பதில் அதுவே வலிமையாகிறது.

7. இடைவழிகள்

கோட்டின் துல்லியத்தையும் படத்தின் பொதுத்தன்மையையும் இணைக்கும் முயற்சிகளும் நிகழ்ந்தன. 1993 இல் அடோபி நிறுவனம் வெளியிட்ட பி.டி.எஃப். வடிவத்தில் கோடுகள் வெக்டர்களாகவே இருக்கும். எழுத்துருவையும் கோப்பினுள் பொதியலாம். நெடுங்காலப் பாதுகாப்பிற்கான அதன் உட்பிரிவு 2005 இலும், பொறியியல் ஆவணங்களுக்கான உட்பிரிவு 2008 இலும் பன்னாட்டுத் தரங்களாயின. மூல வடிவமும் 2008 இல் பன்னாட்டுத் தரமாக ஏற்கப்பட்டது. 2001 இல் வலைக் கூட்டமைப்பு பரிந்துரைத்த எஸ்.வி.ஜி. வடிவம் கோடுகளை எழுத்துநிலையிலேயே விவரிக்கிறது. 2016 இல் வெளிவந்த ஆட்டோகேட் 2017, பி.டி.எஃப். கோப்பிலுள்ள கோடுகளை மீண்டும் வரைபட உறுப்புகளாக ஏற்கும் வசதியைத் தந்தது. எனினும் கோடும் எழுத்தும் திரும்பினாலும், ஒரே கதவின் நாற்பது பிரதிகள் என்பன போன்ற உறவுகள் திரும்புவதில்லை.

8. ஆவணக்காப்பகத்தின் விடை

வரைபடக் கோப்பா, படமா என்னும் வினாவை ஆவணக்காப்பகங்கள் கூர்மையாகச் சந்தித்தன. 1933 இல் தொடங்கப்பட்ட அமெரிக்க வரலாற்றுக் கட்டட அளவாய்வு தன் வரைபடங்களை அந்நாட்டு நாடாளுமன்ற நூலகத்தில் சேர்த்துவருகிறது. கணினியில் வரைந்தாலும் நீடித்து நிற்கும் தாளிலோ படலத்திலோ அச்சிட்டு ஒப்படைக்கும் வழக்கத்தை அது பின்பற்றியது. அவ்வரைபடங்கள் வருடப்பட்டு டிஃப் கோப்புகளாகப் பொதுமக்களுக்குக் கிடைக்கின்றன. வரைபடக் கோப்பு தாளாகி, தாள் படமாகி வாசகரை அடையும் இச்சுற்றுவழி, நேர்வழியின்மேல் இருந்த நம்பிக்கைக் குறைவைக் காட்டுகிறது.

2000களின் பிற்பகுதியில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தின் நூலகம் நடத்திய ஃபசாட் ஆய்வுத்திட்டம் வேறு விடையை முன்வைத்தது. கட்டடக்கலை மாதிரி ஒன்றை மூலவடிவிலும், பொதுத்தர வடிவிலும், பார்ப்பதற்கான வடிவிலும் ஒருங்கே சேமிப்பது அதன் அணுகுமுறை. 2013 இல் மான்ட்ரியலில் உள்ள கனடியக் கட்டடக்கலை மையம், கட்டடக் கலைஞர் கிரெக் லின் பொறுப்பில் ‘எண்மத்தின் தொல்லியல்’ என்னும் பொருள்படும் கண்காட்சியை நடத்தியது. தொடக்கக்காலக் கணினிவழி வடிவமைப்புகள் நான்கு அதில் ஆராயப்பட்டன. சில பத்தாண்டுகளுக்கு முந்தைய கோப்புகளைத் தொல்பொருள்களாகக் கருதவேண்டிய நிலையை அத்தலைப்பே உணர்த்துகிறது.

முடிவுரை

மேற்கண்ட வரலாற்றிலிருந்து பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன.

வரைபடத்தைப் படமாக மாற்றும் வழக்கம், மூலத்தை வரைவாளரிடமும் படியைப் பயனரிடமும் வைத்த நீலப்படி மரபின் தொடர்ச்சியாகும். படம் திருத்த இயலாதது என்பது குறையாக இருந்தபோதிலும், வரைந்தவருக்கு அதுவே பாதுகாப்பாயிற்று.

கணினிக் காலத்தில் இவ்வழக்கம் பன்மடங்கு வலுப்பெற்றதற்கு வாசிப்புரிமை முதன்மைக் காரணமாகும். டி.டபிள்யூ.ஜி. கோப்பைத் திறப்பது நெடுங்காலம் ஒரு நிறுவனத்தின் மென்பொருளையும் பதிப்பையும் சார்ந்திருந்தது. டிஃப், பி.என்.ஜி., ஜேபெக் ஆகியவற்றின் அமைப்பு வெளியிடப்பட்டிருந்தமையால் எவரும் அவற்றைத் திறக்கும் நிரலை எழுத முடிந்தது. அலுவலகங்கள் துல்லியத்தைக் கொடுத்துத் திறக்கும் உறுதியைப் பெற்றன.

வரைபடக் கோப்பு வரைந்தவர் அறிந்ததைக் காக்கிறது. படக்கோப்பு அன்று பார்த்தவர் கண்டதைக் காக்கிறது. ஒன்று மற்றொன்றின் இடத்தை நிரப்பாது. ஆதலின் நினைவுச்சின்னங்கள், கோயில்கள், அகழாய்வுக் குழிகள் ஆகியவற்றைக் கணினியில் வரையும் ஆய்வாளர், மூலக்கோப்புடன் விவரக்குறிப்பு வெளியிடப்பட்ட டி.எக்ஸ்.எஃப். போன்ற வடிவத்தையும், கோட்டளவுகோல் பொருந்திய, இழப்பற்ற சுருக்கமுறையில் அமைந்த படத்தையும் சேர்த்தே ஒப்படைப்பது தக்கது. சிதைந்துவரும் கட்டடத்தை மறுமுறை அளக்க வாய்ப்பிராது. அதன் வரைபடம் எந்த நிறுவனத்தின் பதிப்பையும் சாராமல் அடுத்த தலைமுறை ஆய்வாளரால் திறக்கப்படுமாயின், அதுவே அக்கட்டடம் பற்றிய எஞ்சிய சான்றாக அமையும்.